இரண்டு விரல் தூரம்

மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், ஷரீஃபுதீன் சார் நாடா கொண்டுவந்து பூப்பந்துக் களத்தை அளக்கப்போகிறார் என்ற செய்தி வந்தபோது, பூங்காவனம் மண்டபத்தின் பலகைத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மட்டை கையிலேயே நின்றுவிட்டது.

காஜா பேராங்கில் இருந்த அந்தப் பயிற்சிக் கல்லூரிக்கு அது ஒரே மண்டபம். காலையில் பரீட்சை நடக்கும், மாலையில் பூப்பந்து, விடுமுறை வந்தால் கல்யாணம். சுதந்திரக் கொடி ஏறிய வாரம் அங்கேதான் விருந்தும் நடந்தது. மண்டபத்தைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர் நல்லையா. பங்குனியில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டார். வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். "நல்லையா கை வைத்த இடத்தில் குறை இருக்காது" என்று முதல்வர் துக்கம் கேட்க வந்தபோது சொன்னார். அந்த வார்த்தையை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

குறை ஒன்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் மகள் ஜெயாவின் கல்யாணம் இந்த மண்டபத்தில் நடந்தது. ஓமத் தட்டுக்கு அடியில் நல்லையா செங்கல் அடுக்கி வைத்திருந்தார். படத்தில் அசிங்கமாக விழும் என்று மாப்பிள்ளை வீட்டார் செங்கல்லை எடுத்துவிட்டார்கள். தாலி ஏறி, தட்டைத் தூக்கியபோது பலகையில் அதன் விளிம்பு சுட்ட கரிக்கோடு, ஒரு சாண் நீளத்துக்கு. சர்வீஸ் தாண்டி விழ வேண்டிய பூப்பந்துக் கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, வலைப் பக்கமாக இருந்தது. மறுநாள் நல்லையா பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டிவிட்டு, கரியை மூடிப் புதுக் கோடு போட்டார். ஒரு பக்கம் மட்டும் நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியுமென்று எதிர்ப் பக்கத்தையும் அதே அளவு நகர்த்தினார். நூலின் மறுமுனையைப் பிடித்தவள் பூங்காவனம்.

சாயங்காலம் ஜெயா சேதி கேட்டு உஜோங் பாசிரிலிருந்து வந்தாள்.

"கதவுக்கு அடிக்கிற பழுப்புச் சாயம் இருக்குல்லம்மா? வெள்ளைக் கோட்டைச் சுரண்டாம அது மேலயே அடிச்சிருங்க. பலகை நெறம்தானே. புதுசா தள்ளிப் போட்டுட்டா முடிஞ்சது."

"கேட்டா?"

"'அவரு போட்டது, எனக்கென்ன தெரியும்'னு சொல்லுங்க."

"செத்தவரு மேல போடச் சொல்றியா?"

"கரி தெரிஞ்சா அப்பா பேருதானே போகும்! ஊர்ல எல்லாரும் இன்னும் அப்பா வேலையைத்தான் மெச்சிப் பேசுறாங்க."

பூங்காவனம் சாய டின்னைத் தேடி எடுத்து வைத்தாள்.

விடிந்ததும் சாய டின்னைத் திறந்தாள். தூரிகையை நனைத்துக் கோட்டருகே குந்தினாள். அன்றைக்கு நூல் பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள். மாலையில் இரண்டு பேரும் சிரித்துக்கூடக் கொண்டார்கள். இன்று இதை அவள் ஒருத்தியாகச் செய்ய வேண்டும். செய்துவிட்டு ஒருத்தியாக மனசில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். தூரிகையைத் துடைத்து, டின்னை மூடினாள்.

உடற்பயிற்சி ஆசிரியர் ஷரீஃபுதீன் தெங்கேராக்காரர். வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வலையடியிலிருந்து நாடாவைப் பிடித்தவர் மறுபடி பிடித்தார். எதிர்ப் பக்கத்தையும் அளந்தார்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு அங்குலம் கொறையுதே!" என்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதான் நம்ம பிள்ளைங்க இங்க புலி, மூவார் போனா பூனை! அங்க போடுற சர்வீஸ் எல்லாம் கோட்டைத் தாண்டாமலே விழுந்துச்சு. நான் கைய மடக்கு, கைய நீட்டுன்னு நாலு மாசமா உயிர எடுத்துட்டேன் லா!"

"சார், அது தப்பா அளந்ததில்ல," என்றாள் பூங்காவனம். செங்கல்லிலிருந்து நூல் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு கத்தியால் கோட்டைச் சுரண்டினாள். வெள்ளை உதிர்ந்து கருப்பு வந்தது.

ஷரீஃபுதீன் சிரிப்பை நிறுத்திவிட்டு மண்டியிட்டுப் பார்த்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாமேக்கா."

"மூணு வருசம் இருந்தாச்சு சார்."

"முதல்வருக்கு எழுதணும். இனிமே உள்ள ஓமத்துக்கு விடமாட்டாங்க. வாசல்லதான் வளர்க்கணும்."

"வளர்க்கட்டும்."

"பேரு போடணுமேக்கா," என்றார் தயங்கி.

"போடுங்க. நல்லையா, பூங்காவனம். ரெண்டு பேரையும் போடுங்க."

அவர் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவள் சரியான இடத்தில் புதுக் கோடு போட்டாள்.

மறுநாள் அதே மண்டபத்தில் நடந்த போட்டியில் மூவார்க்காரர்களிடம் கல்லூரிப் பிள்ளைகள் தோற்றார்கள். முதல் ஆட்டத்தில் ஆறு சர்வீஸ் கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தது. இரண்டாம் ஆட்டத்தில் இரண்டுதான்.

ஞாயிறு காலை பூங்காவனம் வலையைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, தேங்காய் மட்டையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். கரிக்கோடு வந்தது. மற்ற பலகையைத் தேய்த்த மாதிரியே அதையும் தேய்த்துக்கொண்டு அப்பால் போனாள்.