மாஸ்கோவிலிருந்து காஷ்கா வந்த வழி

மாஸ்கோ கால்நடைக் கண்காட்சியில் என் யாக் எருது காஷ்காவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தங்கம் ஒரு பன்றிக்குப் போனது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

புறப்படும்போதே எங்கள் கூட்டுப்பண்ணைத் தலைவர் துர்கன்பாய் சொல்லியிருந்தார்: "அசான்குல், மாடு உசுரோட திரும்பணும். தோலா வந்துச்சுன்னா நீ மலைப்பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது. கீழ கோழிப் பண்ணையில முட்டை பொறுக்கப் போயிடு."

பதினான்கு வயதிலிருந்து மலை உச்சியில் மேய்ப்பவன் நான். கோழியைக் கண்டால் எனக்குத் தும்மல் வரும்.

ஜூலை மாத வெயில், பனிமலை மாட்டுக்கு ஆகாது. ரயிலின் கடைசிச் சரக்குப் பெட்டியில் நானும் காஷ்காவும். வோல்கா தாண்டியதும் அது நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது. யூரல் ஆற்றைக் கடந்து ஆசியாவுக்குள் நுழைந்தபோது கண்ணையும் மூடிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினேன், விசிறினேன், பலிக்கவில்லை. கடைசியில் அதன் காதருகே உட்கார்ந்து எங்கள் தோலோன் கணவாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

இடுப்பளவு பனியைச் சொன்னேன். ஒரு கண்ணைத் திறந்தது. கழுத்தளவு சொன்னேன், எழுந்து நின்றது. பனிப்புயலைச் சொல்லி முடித்தபோது என் மீசையில் பனிக்கட்டி தொங்கியது.

விஷயம் பரவி, பயணிகள் பாதிப்பேர் போர்வையோடு எங்கள் பெட்டிக்கு வந்துவிட்டார்கள். ரயில் பணிப்பெண் வாலன்டினா தன் வெண்ணெயை அங்கேயே வைத்தாள்.

"யோவ் மலைக்காரரே, கொஞ்சம் கம்மியாச் சொல்லுங்க. வெண்ணெயை வெட்டக் கோடாலி தேடிக்கிட்டிருக்கேன்."

அன்று மாலை எனக்குத் தேநீர் கொண்டுவந்தவள் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றினாள். எங்கள் வழக்கத்தில் அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று பொருள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு. குடித்தேன். அடுத்து ஆரால் நிலையம் வந்ததும் காஷ்காவை அவிழ்த்துக்கொண்டு, மீன் விற்கும் பெண்களுக்கு நடுவே இறங்கி நின்றேன்.

ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த, எங்கள் பக்கத்து நரின் ஊர்ச் சிப்பாய் ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டினான். "அண்ணே, இங்க ஏன் எறங்கிட்டீங்க?"

"போகச் சொல்லிட்டாங்கப்பா."

"யாரு?"

"அந்தம்மா. கிண்ணம் நிறைய ஊத்திட்டாங்க."

அவன் வாலன்டினாவிடம் விளக்குவதற்குள் விசில் ஊதிவிட்டது. அவள் கெட்டிலோடு குதித்து ஓடிவந்தாள். "அட கிறுக்கு மனுஷா! ஆசையா ஊத்தினா இப்படியா?"

கிண்ணத்தில் இரண்டே மடக்கு ஊற்றி நீட்டினாள். ஓடிவந்த அவசரத்தில் ஒன்றரைதான் தேறியது. அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு எந்த விருந்திலும் கிடைத்ததில்லை. ஏறிவிட்டோம்.

நான்காம் நாள், பூம் பள்ளத்தாக்கின் ஏற்றத்தில் எஞ்சின் முக்கி நின்றுபோனது. மேலிருந்து பனிக்காற்று அடித்தது. காஷ்கா மோப்பம் பிடித்து, கதவை உதைத்து இறங்கி, நேரே எஞ்சினுக்கு முன்னால் போய் நின்றது. அதற்கு அவசரம். நான் கயிற்றை மாட்டினேன், அவ்வளவுதான். பதினோரு பெட்டியும் நகர்ந்தன. சிப்பாய் கூரைமேல் ஏறிப் பாட ஆரம்பித்தான்.

டிரைவர் கூடவே ஓடிவந்தார். "யோவ், சிக்னல் செவப்பு! மாட்டை நிறுத்துய்யா!"

"அதுக்குக் கலர் தெரியாதுங்க."

ஏரிக்கரையிலுள்ள பாலிக்சி நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தோம். ரயில் முழுக்கக் கைதட்டியது. துர்கன்பாய் அங்கே காத்திருந்தார். தோலை ஏற்றிப்போக வண்டியும், பதப்படுத்த இரண்டு மூட்டை உப்பும் கொண்டுவந்திருந்தார்.

"இது... நம்ம மாடா?"

"பதக்கத்தைப் பாத்துக்கங்க."

பதக்கம் கொம்பில் ஆடிக்கொண்டிருந்தது. காஷ்கா அதற்குள் முதல் மூட்டையை நக்கி முடித்து இரண்டாவதைப் பிரித்தது.

வாலன்டினாவிடம் கெட்டிலை வாங்கி, தலைவருக்கு என் கையாலேயே ஊற்றினேன். விளிம்புவரை. கொஞ்சம் வழியவும் விட்டேன்.

அவர் எங்கள் ஊர்க்காரர், விளக்க வேண்டியதில்லை. குடித்தார். வாயைத் துடைத்தார். காலி வண்டியில் ஏறிக் கிளம்பினார்.

நானும் காஷ்காவும் மலைக்கு நடந்தோம். அந்தக் கோழிப் பண்ணை எப்படியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.