மஞ்சள் ஸ்விஃப்டும் மூன்றாவது பெடலும்

மார்லிக்குப் புது ஓட்டுநருக்கான சிவப்பு ‘பி’ லைசென்ஸ் கிடைத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. பதினெட்டு வயது. காரின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்துத் தகடு மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருத்தரும் உட்காராமல் தனியாக ஓட்டலாம். ஓட்டுவதற்குக் கார்தான் இல்லை. அம்மா ரொஷெலின் வெள்ளைக் காரைக் கெஞ்சி வாங்கலாம். ஆனால் அதில் ஏறினாலே பல் டாக்டரிடம் போகிற மாதிரி இருக்கிறது என்பது மார்லியின் கட்சி.

அவளுக்கு வேண்டியது வேறு. தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். வளைவில் திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். சாவியைத் திருகினதும் ஒரு உறுமல் வர வேண்டும். டாப்டோ கடைத்தெருவில் மீனும் சிப்ஸும் பொரிக்கிற கடையில் பள்ளி விட்டதும் போய் நின்று, தலைமுடியெல்லாம் எண்ணெய் வாசனை ஏறி அவள் காசு சேர்த்ததே அதற்காகத்தான்.

குறுக்கே நின்றவர்கள் இரண்டு பேர். ஒன்று அப்பா, இன்னொன்று அரசாங்கம்.

அப்பா டீன், இழுவை வண்டி ஓட்டுகிறவர். மலைப்பாதையில் புரண்ட கார்களைச் சங்கிலி போட்டு மேலே தூக்குவது அவர் வேலை. அவற்றில் பாதிக்கு மேல் ‘பி’ தகடு மாட்டியவை. அரசாங்கமோ, புது லைசென்ஸ்காரர்களுக்கு ஒரு கோடு கிழித்து வைத்திருந்தது: காரின் எடையில் ஒரு டன்னுக்கு நூற்று முப்பது கிலோவாட்டுக்கு மேல் சக்தி இருந்தால் அதைத் தொடக்கூடாது. இணையத்தில் காரின் பெயரையோ நம்பரையோ தட்டினால் ஆகும், ஆகாது என்று பட்டென்று வந்துவிடும். மார்லி மூன்று மாதமாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் மனசுக்குப் பிடித்த ஒவ்வொன்றுக்கும் ஆகாது, ஆகாது என்றே வந்தது.

“பாத்தியா, கவர்மென்ட்டே என் பக்கம்,” என்று டீன் ரொட்டியில் வெஜிமைட்டைத் தடவிக்கொண்டே சிரிப்பார்.

சனிக்கிழமை காலை அவள் போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். “ரெண்டு கார். ரெண்டுக்கும் ஆகும்னு வந்திருக்கு. இப்ப என்ன சொல்றீங்க?”

டீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்று சிவப்பு, இரண்டே சீட், கூரையைக் கழற்றலாம். இன்னொன்று மஞ்சள் நிற சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்.

“ரெண்டு சீட்டா? அப்ப உன் அம்மாவ எங்க உக்கார வைப்ப, பானட் மேலயா?”

“அப்பா!”

“சரி சரி, வரேன். ஆனா ஒண்ணு. ஏதாவது ஒரு குறை கண்டுபிடிச்சேன்னா பேசாம திரும்பி வந்துரணும்.”

“நியாயமான குறையா இருந்தா மட்டும்தான்.”

“என் பொண்ணு வக்கீலுக்குப் படிக்கலாம் ரொஷெல்,” என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு அவர் செருப்பை மாட்டினார்.

சிவப்புக் கார் ஆல்பியன் பார்க்கில், மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விற்கிறவன் பெயர் பிராடி. இருபத்தைந்து வயசு இருக்கும். சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, “எல்லாம் கம்பெனில வந்தபடியே இருக்கு மேட். ஒரு ஆணி கூட மாத்தல,” என்றான். ஆட்டோமேடிக் கியர் வேறு. அம்மாவின் காரும் ஆட்டோமேடிக்தான். மார்லிக்கு அப்போதே கை பரபரத்தது.

“மொதல்ல நான் ஓட்டிப் பாக்கறேன்,” என்றார் டீன். “நீ பக்கத்துல உக்காரு. குறை கண்டுபிடிக்கணும்ல.”

கூரையைக் கழற்றிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் நேர்ச்சாலையில் டீன் அழுத்தமாக மிதித்தார். மார்லியின் முதுகு சீட்டில் போய் ஒட்டியது. யூகலிப்டஸ் மரங்கள் இரண்டு பக்கமும் வேலி போல ஒன்றாகிப் போயின. மலையடி வளைவில் கார் தண்டவாளத்தில் போகிற மாதிரித் திரும்பிற்று. பக்கத்திலிருந்து “ஹூஊஊ!” என்று ஒரு சத்தம். மார்லி திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாதான். ஐம்பத்திரண்டு வயது டீன், காற்றில் முடி பறக்க, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, குறை ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?”

“இரு இரு, இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்!”

ஆனால் குறையை அவள்தான் கண்டுபிடித்தாள். அப்பா மிதிக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு விசில் எழுந்தது. காலை எடுத்தால் ‘ப்ஷ்ஷ்’ என்று ஒரு தும்மல். மூன்று மாதமாகக் கார் வீடியோக்களையே பார்த்துத் தூங்கியவளுக்கு அந்தத் தும்மல் தெரியாதா? தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரே ஒரு வளைவு என்று மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது.

பிராடியின் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் இறங்கி, “பானட்டத் திறங்க,” என்றாள்.

பிராடியின் முகம் மாறியது. “எதுக்கு? இஞ்சின் சூடா இருக்கு.”

“பரவால்ல, தொட மாட்டேன்.”

திறந்தான். இஞ்சின் ஓரத்தில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டு, பளபளவென்று உட்கார்ந்திருந்தது, சக்தியைக் கூட்டுகிற டர்போ. பிற்பாடு வாங்கிப் பொருத்தியது. இதோடு சேர்த்தால் கார் அரசாங்கம் கிழித்த கோட்டைத் தாண்டிவிடும்.

“ஒரு ஆணி கூட மாத்தலன்னீங்க?”

“சின்னதா ஒரு வேலை பண்ணிருக்கேன், அவ்ளோதான்,” என்று அவன் தோளைக் குலுக்கினான். “இத யாரு பாக்கப் போறா? நம்பரத் தட்டினா ஆகும்னுதானே வருது? போலீஸ் பானட்டத் தூக்கியா பாக்கப் போறான்?”

மார்லி அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்தாள். அவன் சொல்வது பாதி உண்மைதான் என்பதுதான் கொடுமை. பிடிபட்டால் வந்து ஒரு வாரம் கூட ஆகாத லைசென்ஸ் பறிபோகும். எங்காவது மோதினால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். பிடிபடாவிட்டால்? அப்பாவைப் பார்த்தாள். இப்போது குதிப்பார், கத்துவார், கவர்மென்ட்டே என் பக்கம் என்பார் என்று காத்திருந்தாள். டீனோ கைகளைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சற்று முன் சிரித்த வாய் இறுகியிருந்தது.

“எனக்கு வேணாம்,” என்றாள் மார்லி. “அப்புறம், விளம்பரத்துல டர்போன்னு போடுங்க. என்னை மாதிரி வேற எவளாவது வந்து ஏமாறப் போறா.”

திரும்பி வருகிற வழியில் டீன் தொண்டையைச் செருமினார்.

“நீ வேணும்னு சொல்லிருந்தா அங்கயே சண்டை போட்டிருப்பேன். தயாராத்தான் நின்னேன்.”

“தெரியும்.”

“ஆனா மார்லி…” குரலைத் தாழ்த்தினார். “செமையா இருந்துச்சுடி. அம்மாட்ட சொல்லாத.”

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இப்பவே கியாமாவுக்குப் போலாம். மஞ்சளப் பாத்துருவோம்.”

கியாமாவில் மஞ்சள் ஸ்விஃப்ட் செங்குத்தான ஒரு தெருவில், கடலைப் பார்த்தபடி நின்றிருந்தது. நெரிடா என்ற நர்ஸ் அதை விற்றுக்கொண்டிருந்தாள். ஏன் விற்கிறாள் என்று கேட்கவே வேண்டியதில்லை. வயிறு அவளுக்கு ஓரடி முன்னால் வந்தது.

“ரெட்டைப் புள்ளைங்க,” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். “ஸ்டியரிங் வயித்துல இடிக்குது. ரெண்டு குழந்தை சீட்டு, தள்ளுவண்டி, எல்லாம் இதுல எங்க போகும்? எம் புருஷன் போய் ஒரு பஸ்ஸு மாதிரி எதையோ வாங்கிட்டு வந்து நிறுத்திருக்கான். அதப் பாத்தாலே அழுகையா வருது.”

மார்லி எச்சரிக்கையாகிவிட்டிருந்தாள். முதலில் பானட். நத்தைக்கூடு எதுவும் இல்லை. நம்பரைத் தட்டினாள். ஆகும். டீன் கீழே படுத்துப் பார்த்தார், எழுந்து டயரை உதைத்தார், துருவைத் தேடினார், கிடைக்காமல் கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட இருந்தார். மார்லி கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டது. ஸ்டியரிங் கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. காலை நீட்டினாள்.

மூன்று பெடல்.

அவள் குனிந்து மறுபடி எண்ணினாள். மூன்றுதான். நடுவில் கியர்க் குச்சி, அதன் தலையில் ஒன்றிலிருந்து ஆறு வரை. மஞ்சள் நிறத்தையும் ‘ஸ்போர்ட்’ என்ற சொல்லையும் பார்த்த கண்ணுக்கு விளம்பரத்தில் மேனுவல் என்று போட்டிருந்தது படவே இல்லை. அவள் உருண்டு புரண்டு டெஸ்ட் பாஸானது அம்மாவின் ஆட்டோமேடிக்கில். லைசென்ஸில் தெளிவாக இருக்கிறது: ஆட்டோமேடிக் மட்டும்.

டீன் ஜன்னலில் குனிந்து பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. “அட,” என்றார். “நியாயமான குறைதான் இது.”

“இது காரோட குறை இல்லப்பா. என்னோட குறை.”

“ஓட்ட முடியாத கார வாங்கி என்னடி பண்ணுவ? கழுவித் தொடச்சுப் பொட்டு வைப்பியா?”

“‘எல்’ தகடு மாட்டிக்கிட்டு, பக்கத்துல முழு லைசென்ஸ்காரர் ஒருத்தர் இருந்தா மேனுவல் ஓட்டிப் பழகலாம். அப்புறம் மறுபடி டெஸ்ட் குடுத்தா போதும்.” அவள் அவரையே பார்த்தாள். “முழு லைசென்ஸ்காரர் ஒருத்தர எனக்குத் தெரியும். காலைல மலைல ஹூன்னு கத்தினாரு.”

நெரிடா மெல்ல இருமினாள். “அவசரப்படுத்துறேன்னு நெனைக்காதீங்க. மத்தியானம் நௌராலேர்ந்து ஒரு பையன் வரான். காசக் கையிலயே கொண்டு வரானாம்.”

மார்லி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஓட்டிப் பார்க்காமல், ஓட்டவும் தெரியாமல், முதல் காரை எவளாவது வாங்குவாளா?

“வாங்கிக்கறேன்,” என்று அவள் வாய் சொல்லிவிட்டிருந்தது.

காசைக் கொடுத்து முடித்ததும், பெட்ரோல் பங்கில் மஞ்சள் ‘எல்’ தகடுகளை வாங்கி வந்து டீன் மாட்டினார். “மஞ்சளுக்கு மஞ்சள் பொருத்தமாத்தான் இருக்கு,” என்றார். தன் வண்டியை நெரிடா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சின்னக் காரில் அவ்வளவு பெரிய மனுஷர், முழங்கால் தாடையைத் தொட.

முதல் முறை இஞ்சின் அணைந்தது. இரண்டாம் முறை கார் கங்காரு மாதிரி நாலு துள்ளு துள்ளி அணைந்தது. நெரிடா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சிரிக்க வைக்காதீங்க, இங்கயே பெத்துருவேன்!”

ஒரு வழியாகத் தெருமுனை வரை வந்தாயிற்று. அங்கே மேட்டில் சிவப்பு விளக்கு. பின்னால் ஒரு பால் லாரி மூச்சுவிடுகிற தூரத்தில் வந்து நின்றது. பச்சை விழுந்தது. மார்லி கிளட்சை விட்டாள், கார் பின்னால் வழுக்கிற்று, பிரேக்கை மிதித்தாள், இஞ்சின் செத்தது. லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் நழுவியது.

“நீங்க ஓட்டுங்கப்பா. என்னால முடியாது.”

“அவன் அடிச்சா அடிக்கட்டும். அவன் ஹார்ன் ரொம்ப நாளா தூங்கிட்டு இருந்திருக்கும். நீ ஹேண்ட்பிரேக்க இழு.”

இழுத்தாள்.

“கிளட்ச மெதுவா விடு. கார் மூக்கத் தூக்கும். தூக்கினதும் ஹேண்ட்பிரேக்க விடு.”

கிளட்ச் மெல்ல மேலே வந்தது. ஓரிடத்தில் கார் உள்ளுக்குள் சிலிர்த்தது, மஞ்சள் மூக்கு துளி உயர்ந்தது. அது அவள் பாதத்துக்குத் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கை விட்டாள். கார் மேட்டை விழுங்கிக்கொண்டு ஏறியது. இரண்டாவது கியர். மூன்றாவது. கீழே கடல் விரிந்து கிடந்தது. இந்த முறை “ஹூஊஊ!” என்று கத்தியது மார்லி.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் டீன் வேலை முடிந்து வந்ததும் பயிற்சி. ஷெல்ஹார்பர் கார் நிறுத்துமிடத்தில் சுற்றினார்கள். ரவுண்டானாவில் நின்று திட்டு வாங்கினார்கள். ஒரு மழைநாளில் நடுச்சாலையில் இரண்டாவதுக்குப் பதில் நாலாவதைப் போட்டு, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு, வீட்டில் ரொஷெலின் முன்னால் வழக்காடினார்கள்.

“அவ கெட்டிக்காரி,” என்று ஒரு நாள் டீன் ரொஷெலிடம் மெதுவாகச் சொன்னது மார்லியின் காதில் விழுந்தது. “வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சிர்றா. நான் தூக்கினதுங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியல.” அவள் அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

டெஸ்ட் அன்று பரிசோதகர் பேசாத மனுஷர். ஏறியதிலிருந்து இடம், வலம் என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. நடுவில் அவர் அவளைக் கொண்டு போய் நிறுத்தியது ஒரு மேட்டில். பின்னால் கார். மார்லி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், காத்திருந்தாள், மூக்கு உயர்ந்தது, விட்டாள். கார் ஒரு விரல்கடை கூடப் பின்னால் போகவில்லை. இறங்கும்போது அவர் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, “பாஸ். நல்ல கலர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்லி ‘எல்’ தகடுகளைப் பிடுங்கிப் பின்சீட்டில் எறிந்தாள், சிவப்பு ‘பி’யை மாட்டினாள். அப்பாவை வீட்டில் இறக்கிவிட்டாள். அவர் இறங்கவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார், மறுபடி திறந்தார், “பாத்து,” என்றார், சாத்தினார்.

பக்கத்து சீட் காலி. அவளும் காரும் மட்டும். நெடுஞ்சாலையில் ஏறி ஆறாவது கியர் வரைக்கும் போட்டாள். சிவப்பு ‘பி’க்காரர்களுக்குத் தொண்ணூறுதான் எல்லை. அவள் முள்ளைச் சரியாகத் தொண்ணூறில் நிறுத்தி, ராணி மாதிரி இடப்பக்கமாகவே போனாள். வலப்பக்கத்தில் ஏதோ பெரிதாக நகர்ந்தது. எட்டிப் பார்த்தாள். கேரவன் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு பழைய வேன் அவளை முந்திக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளைத்தலைத் தம்பதி. அந்த அம்மாள் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து, சிவப்பு ‘பி’யைப் பார்த்து, ஐயோ பாவம் என்கிற மாதிரிக் கையசைத்தாள்.

மார்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “போங்க பாட்டி, போங்க!” என்று கத்திப் பதிலுக்குக் கையாட்டினாள். அடுத்த வெளிவழியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினாள். மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே கெரிங்காங் பக்கம் நெளிந்து போகிற சின்ன ரோடு. ஆளில்லை. முதல் வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்து, மூன்றாவதுக்கு இறக்கி, ஸ்டியரிங்கைத் திருப்பினாள். இஞ்சின் உறுமியது, சீட் தோளைப் பிடித்துக்கொண்டது, கார் அவள் நினைத்த கோட்டிலேயே போய் வெளியே வந்தது. முள் அறுபதைக்கூடத் தாண்டவில்லை.

வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாடு நிமிர்ந்து பார்த்தது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.