கோட்டுக்கு ஒரு சாண் வெளியே

நடுவர் வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஏழாம் நாள் விசிலை மாட்டிக்கொண்டு கால்பந்து மைதானத்தில் இறங்கிவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. விதிப்புத்தகம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை வைத்து வீட்டில் இருப்பவர்களைப் படாத பாடு படுத்தியும் இருந்தார். அதிகம் பட்டவன் மனைவியின் தம்பி.

தம்பிக்கு வீட்டில் 'தூண்' என்று பெயர். வைத்தவர் நடுவர்தான். ஆள் நெடுநெடுவென்று இருப்பான். எதைக் கேட்டாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு அந்த நிதானம் நல்லதுதான் என்று அக்கா சொல்வாள். நடுவர் அதைக் காதில் வாங்கமாட்டார். அவன் லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்க வந்து இது பத்தாவது ஆட்டம். இது முடிந்ததும் நடுவர் படிவத்தில் 'தகுதியானவர்' என்று எழுதிக் கொடுத்தால்தான் அவனும் விசில் ஊத முடியும். இல்லாவிட்டால் இன்னும் பத்து ஆட்டம், முதலிலிருந்து.

அன்றைக்கு மருத்துவமனை ஊழியர்களுக்கும் அச்சகத்தாருக்கும் கோப்பைக்கான இறுதி ஆட்டம். பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த சின்ன அறையில் சட்டையை மாற்றிக்கொண்டே நடுவர் பாடம் எடுத்தார்.

"கோல் பக்கத்துல ஃபவுல் நடந்தா கொடியத் தூக்கு. பெனால்டி பாக்ஸுக்குள்ள நடந்திருந்தா மூலைக் கொடியப் பாத்து ஓடு. வெளிய நடந்திருந்தா அசையாம நில்லு. வாயத் திறக்காத. உன்னப் பாத்தே நான் தெரிஞ்சுக்குவேன். இது நமக்குள்ள மட்டும்தான்."

"உள்ளன்னா ஓடணும், வெளியன்னா நிக்கணும்" என்று தூண் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"நிக்கறது உனக்குத் தானா வரும். ஓடறதுதான் கஷ்டம்."

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அச்சகத்துக்காரன் ஒருவன் பந்தைத் தட்டியபடி பிய்த்துக்கொண்டு ஓடினான். நடுவருக்கு மூச்சு வாங்கியது, ரொம்பவே பின்தங்கிவிட்டார். மருத்துவமனை ஆட்டக்காரன் குறுக்கே காலை நீட்ட, ஓடியவன் தடுக்கிப் பறந்து பாக்ஸுக்குள் விழுந்தான். விழுந்த இடம் நடுவருக்குத் தெரிந்தது. கால் பட்ட இடம் தெரியவில்லை. தெரியாதபோது கொடிக்காரனைப் பார்க்க வேண்டும் என்பது அவரே சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் கூட்டம் போட்ட கூச்சலில் விசிலை ஊதி, பெனால்டி புள்ளியை நோக்கிக் கையை நீட்டிவிட்டார்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தார். தூண் கொடியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றான்.

பந்தை உதைக்கும் வரை தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். அது நடுவருக்குத் தெரியாததா? கையை இறக்கி, கோட்டுக்கு வெளியே ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கொஞ்சம் சிரிப்பார்கள். அந்தக் கொஞ்சச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியாது.

மருத்துவமனை அணியின் தலைவர் ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். "சார், கோட்டுக்கு ஒரு சாண் வெளிய சார். நீங்க தூரத்துல இருந்தீங்க."

"நான் தூரம்தான். என் லைன்ஸ்மேன் பக்கத்துல இருந்தாரு. உள்ளன்னு அவர்தான் காட்டினாரு. அவர் கொடி தூக்கியிருக்கறது தெரியலையா?"

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே ஆச்சரியம். பெனால்டி கோல் ஆனது. கோப்பை அச்சகத்துக்குப் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் மருத்துவமனை ஆட்கள் தூணைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் செல்போனை அவன் மூக்குக்கு நேரே பிடித்தார். கால் பட்டது கோட்டுக்கு வெளியே என்று அதில் பளிச்சென்று தெரிந்தது. "ரோட்டுல போட்ட கோடாவது உன் கண்ணுக்குத் தெரியுமா? உன்ன நம்பி எப்படிப் பிள்ளைங்கள வேன்ல ஏத்தறாங்க?" என்றார் இன்னொருவர். ஆம்புலன்ஸ்காரர் அவன் கையிலிருந்த கொடியைப் பிடுங்கிக் கீழே போட்டார். தூண் குனிந்து அதை எடுத்துத் தூசியைத் தட்டினான். வாயைத் திறக்கவில்லை, திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த நடுவர், ஏற்கெனவே அவிழ்த்துவிட்ட ஷூ கயிற்றை மறுபடியும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் வெட்கத்தில் சுட்டன. இவன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. அந்தப் பயத்தை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி போனும் கையுமாக இருந்தாள்.

"எல்லா க்ரூப்லயும் இதுதான் ஓடுது" என்று தம்பி பக்கம் திரும்பினாள். "ஏன்டா, கொடியப் பிடிச்சு ஒழுங்கா நிக்கக்கூடவா உனக்குத் தெரியாது? இவர் மானத்த வாங்கிட்டியே."

வீடியோ மறுபடி ஓடியது. அதன் ஓரத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு, ஒருவன் கொடியோடு ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அப்படி நின்றதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இருவரில் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மாமா, படிவத்துல தகுதி இல்லன்னே எழுதிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றான் தூண். வழக்கம்போல ஒரு நிமிடம் யோசித்தான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். உள்ளன்னா நிக்கணும், வெளியன்னா ஓடணும்னா சொன்னீங்க? நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன் போல. வர்ற வழியெல்லாம் யோசிச்சேன், ஞாபகம் வரல."

குத்திக் காட்டுகிறானோ என்று நடுவர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தான். மாமா பொய் சொல்லியிருப்பார் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது நடுவருக்கு. ஊரார் லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கியவருக்கு, அன்றைக்குத் தன்னைக் கீழே இறக்க ஒரு பொத்தான் இல்லை.

"நீ புரிஞ்சுக்கிட்டதுதான் சரி" என்றார். "வெளியன்னா நிக்கணும். நீ நின்ன. நான் பாத்தேன். பாத்துட்டும் உன் தலையில போட்டேன்."

தூணின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் சரியாத்தான் நின்னிருக்கேன்க்கா" என்று அக்காவிடம் சொன்னான். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நடுவர் பிழைத்துப்போயிருப்பார்.

மனைவி அவரைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

"ஆம்புலன்ஸ்காரர் நம்பர் அதுல இருக்கு. பேசுங்க."

"கோப்பைய இனிமே மாத்த முடியாது" என்றார் நடுவர்.

"கோப்பைய யாருங்க கேட்டா?"

நடுவர் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்து, "சொல்லுங்க" என்ற குரலில் சுரத்தே இல்லை. எதிரே தூண் சாப்பாட்டை விட்டு எழுந்து நின்றிருந்தான்.

"சார், என் லைன்ஸ்மேன் சரியாத்தான் காட்டினாரு" என்று நடுவர் ஆரம்பித்தார்.