முப்பத்து நான்காம் கேள்வி

முப்பத்து மூன்றாம் கேள்வி வரைக்கும் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். பிறந்த வருஷம், படிப்பு, எத்தனை அறை, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எதைக் கேட்டாலும் பதில் வந்துவிடும். முப்பத்து நான்கில் முகம் மாறும். 'வீட்டில் எத்தனை வாகனங்கள்? அவற்றில் மின்சாரத்தில் ஓடுபவை எத்தனை?' அவ்வளவுதான், ஆளாளுக்கு வக்கீல் ஆகிவிடுவார்கள். வரி போடப்போகிறார்களா, சலுகையை நிறுத்தப்போகிறார்களா என்று என்னையே குறுக்கு விசாரணை செய்வார்கள். காலையில் ஒரு மளிகைக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே காரை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ விட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "நமக்கேதுங்க வண்டி?" என்றார். கார்ச்சாவி கையில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். விடுமுறையில் வீட்டில் கால் நீட்டிப் படுக்கவிடாமல் இந்தக் கணக்கெடுப்பு வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். பூஜ்யம் என்று பதிந்துகொண்டு நடையைக் கட்டினேன்.

ஒரு தையல்கார அம்மாவின் வீட்டுக்குப் போனபோது மணி மூன்று. வாசலில் வெள்ளை நிற மின்சாரக் கார் ஒன்று நின்றது. அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஒயர் சமையலறை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. எங்கள் செயலியில் முதல் வேலையே வீட்டு முகப்பைப் படம் பிடிப்பது. பிடித்தேன். கார் பளிச்சென்று விழுந்தது.

"வண்டி இல்லைன்னு போட்டுக்குங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா. தையல் இயந்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப இது?"

"மாப்பிள்ளையோடது. அவங்க இருக்கிற அடுக்குமாடியில சார்ஜ் போட வசதியில்ல. அதான் ராத்திரி பகல்னு இங்கயே நிக்குது. இது வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. நானும் எங்க வீட்டுக்காரரும் இதுல ஒரு நாள்கூட ஏறினதில்ல."

விதிப்புத்தகத்தை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். பெரும்பாலான இரவுகளில் எந்த வீட்டில் நிற்கிறதோ, வாகனம் அந்த வீட்டுக் கணக்கு. சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இதெல்லாம் எதுக்குக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர். எங்க பஸ் வேணும், எங்க கரண்ட் பத்தாமப் போகும்னு பாக்கறதுக்கு. தப்பில்ல. ஆனா போன தடவையும் இப்படித்தான் பண்ணாங்க. ஓடாத கார் ஒண்ணு இங்க வாசல்ல செங்கல் மேல நின்னுது. அதையும் எழுதிட்டுப் போனாங்க. இந்த வட்டாரத்துல வீட்டுக்கு ஒரு வண்டிக்கு மேல இருக்குதாம். ரெண்டு வருஷத்துல பஸ்ஸை நிறுத்திட்டாங்க. மனுப்போட்டா அந்தக் கணக்கையே எடுத்துக் காட்டறாங்க."

எழுதிட்டுப் போனது நான்தான். அன்று கண்ணாடி போட்டிருக்கவில்லை, முடியும் கறுப்பு. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஓடுகிறதா என்று அன்றைய படிவம் கேட்கவில்லை, இருக்கிறதா என்றுதான் கேட்டது. இந்தச் சமாதானத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், எனக்கே கசந்தது.

உள்ளேயிருந்து அவருடைய கணவர் செருப்பைத் தேடிக்கொண்டு வந்தார். முன்னாள் அச்சுக்கூட ஊழியர். கையில் துணிப்பை, கண்ணுக்குக் கீழே வீக்கம். வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு டயாலிசிஸ். மெயின் ரோடு வரைக்கும் நடந்து போனால்தான் பஸ். போகும்போது அவரே போய்விடுவாராம், திரும்பும்போது இந்த அம்மா போய்க் கூட்டிவருவாராம்.

"மாப்பிள்ளைகிட்டக் கேட்டா என்ன?" குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"பொண்ணு வாழற எடம் டீச்சர். வாரத்துல மூணு நாள் கொண்டுபோய் விடுன்னு எப்படிக் கேக்கறது? கேட்டா ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேங்கறார் இவரு."

மாப்பிள்ளையும் அப்போது வந்தார், எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்க்க. நல்ல பிள்ளைதான். மாமனாருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். "கிளம்பிட்டீங்களா மாமா? பாத்துப் போங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வீட்டுல யாராவது இந்தக் கார்ல போவாங்களா சார்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"அப்படியும் ஒரு கேள்வி இருக்கா மேடம்?"

அந்த அம்மா மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம்.

"இல்லை" என்றேன்.

"என்னத்துக்கு அத்தை இதெல்லாம் கேக்கறாங்க?"

"பஸ் விடணுமான்னு பாக்கறாங்களாம் மாப்பிள்ளை."

"விட்டா நல்லதுதான். மாமாவுக்கு வசதியா இருக்கும்" என்று மனதாரச் சொல்லிவிட்டு, கார்க் கதவைத் திறந்து உள்ளே எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திரை சிவந்தது. காரணம் எழுத ஒரு கட்டம் வந்தது, அதில் இருபது எழுத்துக்குமேல் ஏறவில்லை. அந்த வீட்டைப் பற்றி இருபது எழுத்தில் என்ன எழுத? மளிகைக்காரருக்குப் போட்ட பூஜ்யத்தை அது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. எரிச்சலில் கருவியை எங்காவது வீசிவிடலாம் போலிருந்தது. ஒன்று என்று போட்டேன். மின்சாரத்தில் ஓடுவது, ஒன்று. அந்த அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தையல் இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

வெளியே வந்தபோது அந்த அம்மாவின் கணவர் ஏழெட்டு வீடுதான் கடந்திருந்தார். கொஞ்சம் நடப்பார், வீட்டு வாசல்களில் நிறுத்தியிருந்த கார்களில் ஒன்றின்மேல் கையை ஊன்றி நிற்பார், பிறகு அடுத்த கார் வரைக்கும் நடப்பார். அப்படி ஒரு சிவப்புக் காரின்மேல் கை வைத்ததும் அது தெருவே அதிரும்படி அலற ஆரம்பித்தது. அவர் வெடுக்கென்று கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, அந்த வீட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று, பிடிமானம் இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.