பத்தொன்பது மில்லிசெக்கன்

1.
இந்தக் கதை என்னுடையதல்ல. என் மனைவியின் தங்கை மிதுஷா, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இடியப்பத்தைப் பிய்த்தபடி பாதி சொன்னது. "எழுதட்டோ?" என்றேன். "பேரை மாத்துங்கோ, அத்தான்." மாற்றிவிட்டேன்: துஷ்யா. (மிதுஷாவும் மாற்றிய பெயர்தான். நான் அவ்வளவு மோசமானவன் இல்லை.)

2.
[ஹவுன்ஸ்லோவில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு]

வேண்டாம். லண்டன் என்றதும் மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.

[துஷ்யாவுக்கு இயந்திரங்களைப் பிடிக்கும், ஏனென்றால் அவை]

பொய். அவளுக்கு அது வேலை, அவ்வளவுதான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

துஷ்யாவின் கம்பனி, குறைமாதக் குழந்தைகளுக்குத் துளித்துளியாக மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறது. அதன் மோட்டார் ஒரு மில்லிசெக்கனுக்குள் சொன்னபடி அசைய வேண்டும். அதற்காகப் பம்பை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் கருவான கெர்னலில் ரியல்-டைம் பேட்ச் ஒன்றை ஒட்டினாள். அவசர வேலை வந்தால் மற்றதைப் போட்டுவிட்டு ஓடிவரச் செய்யும் திருத்தம் அது. ஓரிடத்தில் பேட்ச் பொருந்தவில்லை. பன்னிரண்டு வரிகளைத் தானே எழுதிப் பொருத்தினாள். பம்புக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான உண்மையான போர்ட் சுங்கத்தில் கிடந்ததால், மடிக்கணினிக்குள் எமுலேட்டரில் ஒரு பொய்ப் போர்ட்டை ஓடவிட்டுச் சோதித்தாள்.*

* இல்லாத போர்ட்டை இருப்பதாக மென்பொருளை நம்பவைப்பது எமுலேட்டர். துஷ்யாவை வைத்து நான் உங்களுக்குச் செய்வதும் அதுதான்.

நாளுக்கு ஒருமுறை, ஒரே ஒருமுறை, மோட்டார் பத்தொன்பது மில்லிசெக்கன் பிந்தியது. பிழை பேட்சிலா, களைத்துப்போன மடிக்கணினியிலா, அவளுடைய பன்னிரண்டு வரிகளிலா? பொய்ப் போர்ட்டில் நேரமும் பொய் என்பதால் எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கவென்று, நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் வரி ஒன்றைச் சேர்த்தாள். பிழை நின்றது. வரியை எடுத்தாள். அடுத்த நாளே வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சோதனை அறிக்கை போக வேண்டும், அவளுடைய கையெழுத்தோடு.

3.
இங்கே மேலாளர் பிரவின் வருகிறார். முதல் பிரதியில் இவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். எனக்கு அது வசதி. பிறகு இவருக்குக் குறைமாதத்தில் பிறந்த ஒரு மகளைக் கொடுத்தேன். (எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.)

"அது லப்டொப்பின்ர பிழை, துஷ்யா. நீர் அந்த லைனைப் போட்டவுடன நிண்டிட்டுதுதானே?"

"நான் பாத்தால் நிக்குது, அண்ணை. பாக்காட்டி வருது."

"ரியல் போர்ட்டில வராது."

"அதை நான் தொட்டும் பாக்கேல்லையே. எப்பிடி எழுதுறது?"

"எமுலேட்டரில சோதிச்சதெண்டு எழுதும். பொய்யில்லைத்தானே?"

பொய்யில்லைதான். துஷ்யாவுக்குப் பயமாக இருந்தது. பிரவினைக் கண்டு அல்ல, தன் பன்னிரண்டு வரிகளை நினைத்து.

4.
முடிவுகள்:

(அ) கையெழுத்துப் போட மறுக்கிறாள். உண்மையான போர்ட் வருகிறது. அதிலும் பத்தொன்பது. எல்லோரும் அவளைக் கொண்டாடுகிறார்கள்.

(ஆ) மறுக்கிறாள். போர்ட்டில் பிழையே இல்லை. வீணாக மூன்று கிழமை பிந்தியதற்கு எல்லோரும் அவளை... இதை முடிக்க மனம் வரவில்லை.

(அ)வையே தேர்ந்து மிதுஷாவுக்கு அனுப்பினேன். நேற்றுக் கூப்பிட்டாள்.

5.
"வடிவா எழுதியிருக்கிறியள், அத்தான். ஆனா நான் சைன் பண்ணினனான்."

அன்று மேசையில் அவள் அதைச் சொல்லவில்லை. மறுத்திருப்பாள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

"பிறகு போர்ட் வந்ததோ?"

"ஓம். ஒரு கிழமை ஓடவிட்டனான். ஒண்டும் வரேல்லை."

"அப்ப நல்லதுதானே?"

"அந்தப் பதிவு லைனை எடுக்க மறந்துபோய் ஓடவிட்டிட்டன். பம்புகளில ஏத்தி அனுப்பின மென்பொருளில அந்த லைன் இல்லை."

"எடுத்துப்போட்டுத் திருப்பி ஓடவிட ஏலாதோ?"

"ஏலும். ஒரு நாள் வேலை. பிழை வந்துதெண்டா?"

கதையை மாற்றட்டா என்று கேட்டேன். "வேண்டாம். அவளாவது சைன் பண்ணாமல் இருக்கட்டும்" என்றாள்.

ஆகவே மாற்றவில்லை. துஷ்யா என் சொல் கேட்பாள். வரியை எடுத்துவிட்டு ஓடவிடு என்று நான் எழுதினால் ஓடவிடுவாள். மிதுஷா என்ன செய்வாள் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பம்புகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயின என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைக் கதை என்று சொல்லி உங்களிடம் தந்திருக்க முடியாது.