ஒன்பது மணிக்கு முந்தைய படங்கள்

தேர்வாய் கண்டிகையில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் கூரைக்கு, ஒன்பது மணிக்கு மேல் வெப்பப்படக் கருவியை யாரும் எடுத்துச் செல்வதில்லை. எந்தப் பலகையிலும் அப்படி எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் யாராவது காரணம் கேட்டிருப்பார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறி மின்சாரம் பாய்ந்தால்தான் சோலார் பேனலின் பழுது சூடாகும். சூடானால்தான் கருவியின் திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஏழரை மணிக்கு எடுத்தால் எல்லாமே ஒரே நீலம். நீலம் என்றால் பழுதில்லை. எந்தப் பேனல் வரிசையையும் நிறுத்த வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் மோகன்ராஜ் இதையும் பரிவாகவே சொல்வார்: "வெயிலுக்கு முன்னாடி முடிச்சிட்டு எறங்கிடும்மா. நீ மயங்கி உயுந்தா உங்க ஊட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

படமெடுக்கும் நர்மதா இரண்டு ஆண்டுகளாக அப்படியே இறங்கினாள். பிப்ரவரியில் பதினான்காம் வரிசை படத்தில் நீலமாகவே விழுந்தது. மார்ச்சில் அதைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ஜெரால்ட், உருகிக் கிடந்த ஓர் இணைப்பில் கைபட்டு, மின்சாரம் தாக்கி அங்கேயே இறந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்தான் என்றது விசாரணை அறிக்கை. வரிசையில் பழுதில்லை என்பதற்குச் சான்றாக, நர்மதாவின் கையெழுத்தோடு அந்த நீலப்படம் பின்னிணைப்பில் இருந்தது.

ஜெரால்டின் வேலையை அவன் மனைவி மெர்சிக்கே கொடுத்தார்கள். பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்று காலை மெர்சி நீண்ட பிரஷ்ஷை ஊன்றி நின்றாள். "இன்னாடி, இத்தையே புடிச்சிக்கினு கீற. ஒரு நாளாவது என்னிய படம் புடிச்சியா?"

நர்மதா கருவியைத் திருப்பினாள். நீலப் பரப்பின் நடுவே மெர்சி மட்டும் சிவந்து நின்றாள்.

திரையை எட்டிப் பார்த்து மெர்சி சிரித்தாள். "அப்போ இங்க பழுது நான்தான்." சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "அவுரு கையுறைய கயட்டல நர்மதா. ஆஸ்பத்திரில ஒடம்ப பாத்தேன், உள்ளங்கைல ரப்பர் உருகி ஒட்டிக்கினு இருந்துச்சு. அப்பா ஏன் கயட்டுச்சுன்னு பொண்ணு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?"

நர்மதா கருவியைத் தாழ்த்தினாள். சார்ஜ் நிறைந்திருந்த அதன் பேட்டரியை மறுபடி சரிபார்த்தாள்.

தண்ணீர் மோட்டார் ஓடாததால் அன்று கழுவும் வேலை தள்ளிப்போயிற்று. நண்பகலில் மோட்டாரின் இரைச்சல் கேட்டு நர்மதா வெளியே வந்தாள். மெர்சி குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். பதினைந்தாம் வரிசைக்கு.

நர்மதா உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள்.

கூரையில், படியறை நிழலில் மோகன்ராஜும் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"காலைலயே முடிச்சிட்டியேம்மா" என்றார் மோகன்ராஜ்.

"முடிக்கல சார்."

அவள் கருவியை உயர்த்தினாள். பதினைந்தாம் வரிசையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். ஒன்றின் அருகே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி என்று எண் துடித்தது. மெர்சியின் ஈரக்கை அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"மெர்சிக்கா, தண்ணிய நிறுத்து. கைய எடுத்துக்கினு பின்னாடி வந்துடு."

மெர்சி பின்வாங்கினாள். குழாய் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு ஒனக்கு. எறங்கு" என்றார் மோகன்ராஜ், மெதுவாக.

நர்மதா பொத்தானை அழுத்தினாள். படத்தின் மூலையில் நேரமும் பதிந்தது: 12.20. திரையை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"பிப்ரவரில பதினாலாவது வரிசையும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் வெயில்ல எடுக்கல. எடுத்திருந்தா ஜெரால்ட் அண்ணன் இருந்திருப்பாரு. அவரு கையுறைய கழட்டல."

யாரும் எழவில்லை. மெர்சி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். நர்மதா அடுத்த வரிசைக்கு நடந்து, கருவியை மறுபடி உயர்த்தினாள்.