வழியில் சேர்ந்த வரி

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக் காரணம் மாமியாரும் இல்லை, நகையும் இல்லை, மின்னஞ்சல். இருவருக்கும் ஒரே அலுவலகம். வருகிற அஞ்சலையெல்லாம் வாங்கி வைக்கும் சர்வர் அவள் பொறுப்பு. அதைத் திறந்து படிக்கும் செயலி என் பொறுப்பு.

ஒவ்வொரு அஞ்சலும் கிளம்பும்போது அதற்கு ஒரு முத்திரை விழும். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. பொருந்தாததை என்ன செய்வது என்பதுதான் வழக்கு. வாசலிலேயே தடுக்க வேண்டும் என்பாள் அவள். உள்ளே விடு, மேலே ஒரு சிவப்புப் பட்டை போட்டு நான் எச்சரிக்கிறேன், நம்புவது படிக்கிறவர் பாடு என்பேன் நான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்றும் சொல்லிப் பார்த்தேன். கேட்பாளா? அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கடைசியில் என் அக்காவைக் காட்டி ஜெயித்தாள். அக்காவுக்குக் கண் தெரியாது. எங்கள் அலுவலகத்திலேயே தொலைபேசி மேசையில் இருக்கிறாள். அஞ்சல்களைக் கணினி அவளுக்கு வாசித்துக் காட்டும்.

"உங்க சிவப்புப் பட்டைய அண்ணி எதை வெச்சுப் பார்ப்பாங்க?"

அன்றிலிருந்து முத்திரை பொருந்தாதவை எல்லாம் யாருக்கும் தகவல் இல்லாமல் சர்வரின் ஒரு மூலைக்குப் போயின.

அந்த நேரம் பார்த்து அக்கா ஓர் அஞ்சலுக்காகக் காத்திருந்தாள். அவள் மகள், எங்கள் வாயாடி, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனவள். கிளம்பிய அன்று, "இனிமே என்கூடப் பேசாதே" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

"பேசாதேன்னுதானேடா சொன்னேன், எழுதாதேன்னா சொன்னேன்?" என்பாள் என்னிடம். தானாக முதலில் எழுதவும் ரோஷம் விடவில்லை. புது அஞ்சல் வந்த சத்தம் கேட்டால் கை அப்படியே நிற்கும். கணினி ஏதாவது கூட்டத்துக்கான அழைப்பை வாசிக்கும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

ஒருநாள் காலை என் மனைவி முகம் வெளிறிப்போய் வந்தாள். மூலையில் குவிந்ததைக் கழித்துக் கட்ட உட்கார்ந்தவளுக்கு வாயாடியின் பெயர் கண்ணில் பட்டிருக்கிறது. மூன்று அஞ்சல்கள். எல்லாம் பழைய கல்லூரி முகவரியிலிருந்து. கல்லூரியின் சர்வர் முத்திரை வைத்த பிறகு அடியில் ஒரு விளம்பரத்தை ஒட்டியிருந்தது: 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது.' அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதித்தாள். முத்திரை கச்சிதமாகப் பொருந்தியது. மற்ற ஒவ்வோர் எழுத்தும் பெண் எழுதியதுதான்.

"பெத்தவளுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நான் போய்க் கதவைச் சாத்திட்டேனே" என்று அழுதாள். நான் மட்டும் யோக்கியனா? எச்சரிக்கையைக் குரலிலும் சொல்லவைக்க ஒரு மதியப் பொழுது போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குச் செய்தேன்.

சாயங்காலம் இருவரும் அக்காவின் மேசைக்குப் போனோம்.

"அண்ணி, உங்க பொண்ணு எழுதியிருந்தா. நான்தான் தடுத்து வெச்சுட்டேன்."

"திட்டறதெல்லாம் அப்புறம். முதல்ல போடு."

ஒவ்வொன்றுக்கும் முன்னால் கணினி, "இந்த அஞ்சல் வழியில் மாற்றப்பட்டுள்ளது" என்றது. முதல் அஞ்சலில் அலை, வாந்தி, சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை என்ற புலம்பல். அக்கா சிரித்தாள். இரண்டாவதில், "இன்னும் கோபமாம்மா?" மூன்றாவது சின்னது. "பதிலே இல்ல. புரிஞ்சுகிட்டேன். இனி உனக்கு எழுத மாட்டேன்." அதன் கீழே மாணவர் சேர்க்கை.

அக்கா என் மனைவி பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எழுத மாட்டேன்னு வருதே, அதைத்தான் எவனோ நடுவுல சேர்த்திருக்கான். இல்லையாம்மா?"

ஓர் எழுத்து பிசகினாலும் உள்ளே விடாத என் மனைவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணி. அதைத்தான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசைப்பலகையை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தாள்.